திருப்பிப் போடாத மேலங்கி

முஹன்னா தன் வாழ்நாளில் மழை வேண்டாம் என்று நினைத்தது ஒரே ஒரு வசந்தத்தில்தான். ஜபல் அக்தர் மலையில் பிறந்தவன் அப்படி நினைக்கலாமா என்று கேட்டால், கூடாதுதான். அதிலும் அந்த வருஷம் கூடவே கூடாது. இரண்டு குளிர்காலம் அடுத்தடுத்துப் பொய்த்திருந்தது. ஊற்றிலிருந்து ஊருக்குள் இறங்கி வரும் ஃபலஜ் வாய்க்காலில் தண்ணீர் விரல் கனத்துக்கு மெலிந்துவிட்டது. சரிவில் படிப்படியாக இறங்கும் வயல்களில் மேல் படிகளுக்கு அது எப்படியோ எட்டியது. கீழ்ப் படிகளுக்குப் போய்ச் சேர்வதற்குள் காய்ந்த வாய்க்காலே அதைக் குடித்துவிட்டது. முஹன்னாவின் ரோஜாக்கள் மேல் படியில் இருந்தன. அவனுடைய அக்கா ஷம்ஸாவின் மாதுளைகள் கடைசிப் படியில். அதற்குக் கீழே பள்ளத்தாக்குதான்.

ரோஜா பூக்கும் நாளில் மழை பெய்தால் என்ன ஆகும் என்பது அந்த ஊரில் பால்குடி மறந்த எல்லாருக்கும் தெரியும். வாசனையைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்விடும். பெய்வது ஆலங்கட்டியாக இருந்தால் பூவையே எடுத்துக்கொண்டு போய்விடும். மற்ற வருஷங்களில் முஹன்னா அதையும் தாங்கிக்கொண்டவன்தான். பூ போனால் போகட்டும், தண்ணீர் வந்ததே என்று ஈரத் தாடியோடு சிரித்தவன். இந்த வருஷம் அந்தச் சிரிப்பு அவனுக்கு வராது என்று தெரிந்தது. காரணம் ரய்யா.

ரய்யா அவன் மனைவி. மேல் படியில், அவன் அப்பா காலத்தோடு கைவிட்ட ஒரு துண்டு வயலில் கல் பொறுக்கி, இடிந்த சுவரைத் திரும்பக் கட்டி, ரோஜாக் குச்சி நட்டவள் அவள்தான். "இது பூக்கறதுக்குள்ள நமக்கு நரைச்சுடும்" என்று முஹன்னா கேலி செய்தபோது, "உனக்கு எப்பவோ நரைச்சாச்சு, பயப்படாம தண்ணி ஊத்து" என்றாள். முதல் குளிர்காலம் பொய்த்தபோதே நெஞ்சில் சளி கட்டிப் படுத்தாள். வசந்தம் வருவதற்குள் போய்ச் சேர்ந்தாள். செடிகள் அதுவரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் பூத்திருந்தன. இப்போதுதான் முதல் தடவையாக வயல் முழுக்க மொட்டு. பிள்ளைகள் இல்லாத வீடு அது. அவள் விட்டுப்போனது என்று சொல்ல அந்த மொட்டுகள்தான் இருந்தன. அவற்றை ஒரு முறை முழுசாக வடித்து, அவள் செடியின் பன்னீர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். பிறகு வானம் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று இருந்தான் அவன்.

பன்னீர் வடிக்கிறவன் வானத்தை அப்படி அலட்சியமாகப் பேச முடியாது என்பது வேறு விஷயம். ஏனென்றால் அவன் தினமும் வீட்டுக்குள் ஒரு சின்ன வானத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய அடுப்பில் பானைகள் கழுத்துவரை புதைந்திருக்கும். பானைக்குள் இதழ்களும் கொஞ்சம் தண்ணீரும், நடுவில் ஒரு செம்புக் கிண்ணம். பானை வாயை அடைத்தாற்போல் மேலே உருண்டை அடியுள்ள செம்புச் சட்டி, அதில் குளிர்ந்த தண்ணீர். கீழே தீ எரிய ஆவி எழும். எழுந்தது குளிர்ந்த செம்பின் அடியில் முட்டும், முட்டின இடத்தில் வியர்க்கும். வியர்வை ஒன்றோடொன்று சேர்ந்து கனத்து, நடுவுக்கு ஓடிவந்து, சொட்டாகக் கிண்ணத்தில் விழும். மேலே தண்ணீர் சூடாகிவிட்டால் சொட்டு நின்றுபோகும், உடனே மாற்ற வேண்டும். சூடு தூக்கிவிட வேண்டும், குளிர் பிடித்துக்கொள்ள வேண்டும். இரண்டில் எது குறைந்தாலும் பன்னீர் இல்லை.

இதையும் வானத்தையும் அவன் சேர்த்துப் பார்த்தது மலையில் அல்ல, மஸ்கட்டில். இளவயதில் சில வருஷம் அங்கே லாரி ஓட்டினான். மஸ்கட் கோடையில் காற்றைப் பிழிந்தால் வாளி நிறையும். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். ஆனால் வானத்தில் ஒரு பஞ்சுத் துணுக்கு இருக்காது. இவ்வளவு தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கடற்கரை ஏன் ஒரு சொட்டு கொடுக்க மாட்டேன் என்கிறது என்று அவனுக்குக் கோபம்கூட வந்தது. ஒரு மத்தியானம் ஏதோ கட்டடத்தின் பின்னால், ஏசி குழாயிலிருந்து சொட்டின தண்ணீருக்குக் கீழே தலையைக் காட்டி நின்றான். அப்போதுதான் பொறி தட்டியது. இங்கே ஆவி இருக்கிறது, குளிர்ந்த சட்டி இல்லை. சட்டி எங்கள் மலைக்கு மேலே இருக்கிறது. கடல் காற்று சரிவில் ஏறி ஏறிப் போய், உயரத்துக் குளிரில் முட்டுகிற இடத்தில் வியர்க்கிறது. அந்த வியர்வைதான் மேகம். தலையில் சொட்டச் சொட்ட அவன் அப்படியே நின்றுவிட்டான், வந்து பார்த்த கூட்டாளி வெயிலில் மூளை கலங்கிவிட்டது என்று கையைப் பிடித்து நிழலுக்கு இழுத்துப் போனான்.

ஊர் திரும்பிய பிறகு அதைக் கண்ணால் பார்ப்பதே அவனுக்கு வேலையாகிவிட்டது. காலையில் வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருக்கும். வெயில் ஏறிப் பாறை காய்ந்ததும் வடக்கு முகட்டுக்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், ஒரு வெண்மை தெரியும். ஒன்றுமே இல்லாத இடத்தில் என்பதுதான் அவனை ஒவ்வொரு தடவையும் வாயடைக்க வைத்தது. மேகம் எங்கிருந்தோ நடந்து வருவதாகத்தான் சின்ன வயசில் நினைத்திருந்தான். அது அங்கேயே, அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பிறந்தது. பத்து மேகம் பிறந்தாலும் பத்துக்கும் அடி ஒரே மட்டத்தில், கத்தி வைத்து அறுத்த மாதிரி தட்டையாக இருந்தது. அந்த மட்டத்தில்தான் குளிர் பிடிக்க ஆரம்பிக்கிறது என்று ஒரு நாள் விளங்கியபோது, கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய செம்பின் அடியைப் பார்த்துவிட்டோம் என்று தோன்றி அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. தூசிக் காற்று அடித்துப் போன பிறகு மேகம் சீக்கிரம் பிடிக்கும் என்பதையும் கவனித்தான். செம்பிலும் அப்படித்தான். எலுமிச்சை போட்டுப் பளபளவென்று தேய்த்த சட்டியில் முதல் துளி தயங்கும். கீறலும் கறையும் உள்ள சட்டியில் உடனே வந்து உட்காரும். துளிக்கும் உட்கார ஓர் இடம் வேண்டியிருக்கிறது. ரய்யா சட்டிகளை ரொம்பத் தேய்க்காததற்கு இதையே சாக்காகச் சொல்லுவாள்.

மேலேயிருந்து வருவதில் எத்தனை வகை உண்டோ அத்தனையும் அந்த மலைக்கு வரும். குளிர்காலத்தில் மேகமே ஊருக்குள் இறங்கித் தெருவில் நடக்கும். அது பெய்வதில்லை, சும்மா சுவரிலும் தாடியிலும் கண்ணிமையிலும் ஒட்டிக்கொள்ளும். சில நாள் மாவு சலித்த மாதிரி தூறல். வேறு சில விடியல்களில் பூண்டுத் தாளில் வெள்ளையாக உறைபனி, கை வைத்தால் சுடுகிற மாதிரி குளிரும். கோடையில் இடியோடு வந்து அடித்து ஊற்றிவிட்டு, அடித்தது தான் இல்லை என்கிற மாதிரி போய்விடும் மழை. ஒரு தடவை, கல்யாணமான புதிதில், வெண்பனியே பெய்தது. ரய்யா தட்டில் வழித்து எடுத்துப் பேரீச்சம் பாகு ஊற்றித் தின்றாள். பல் கூசியும் நிறுத்தவில்லை. பிறகு வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே, "இவ்வளவு பெரிசு, இம்மி சத்தம் இல்லாம வருது பாரு" என்றாள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கிறவள் அன்று வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. முஹன்னாவுக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.

இப்படி வானத்துக்கு முன்னால் வாயைப் பிளந்து நின்றே பழகியவன்தான் அந்த வசந்தத்தில் அதைப் பார்த்து "கொஞ்சம் பொறு" என்று சொல்லத் துணிந்தான்.

ஃபலஜ் தண்ணீரைப் பங்கு போட்டுக் கொடுக்கிற கல்ஃபான், ஊர் வாயில் அபூ ஜாபிர், ஒரு சாயங்காலம் பள்ளிவாசலுக்கு வெளியே எல்லாரையும் நிறுத்தினார். "நாளைக்குக் காலைல மழைத் தொழுகை. ஆம்பள பொம்பள எல்லாரும் திடலுக்கு வந்துடுங்க" என்றார்.

"ரோஜா இப்பத்தான் வாய் திறக்குது, அபூ ஜாபிர்" என்றான் முஹன்னா, விளையாட்டுக்குச் சொல்வது போல.

"உன் ரோஜா வாய் திறக்குது. உன் அக்கா மரம் வாயைப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. எதை முதல்ல கேக்கணும்? நீயே சொல்லு, அதையே கேப்போம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முஹன்னாவும் சிரித்தான்.

மழைத் தொழுகைக்குப் புதுத் துணி உடுத்த மாட்டார்கள். இருப்பதில் பழையதை உடுத்தி, தலை குனிந்து போவார்கள். தொழுகை முடிந்து இமாம் தொழும் திசையான கிப்லா பக்கம் திரும்பித் தன் மேலங்கியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார். பின்னால் நிற்கும் ஆண்கள் எல்லாரும் அதேபோல் திருப்புவார்கள். நாங்கள் இதைத் திருப்பினோம், நீ எங்கள் நிலைமையைத் திருப்பு என்று கேட்பது அது. முஹன்னாவின் மேலங்கி பழுப்புக் கம்பளி. உள்பக்கத்தில், தோளுக்குக் கீழே பூச்சி அரித்த இடத்தில், ரய்யா ஒரு சிவப்புத் துணியை ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தாள். "உள்ள தானே, யாரு பாக்கப் போறா" என்று கையில் கிடைத்த துணியை வைத்துத் தைத்தது.

இமாம் திருப்பினார். வரிசை வரிசையாகத் துணி சலசலத்தது. முஹன்னாவும் ஒரு கையை உருவினான். மொட்டு கட்டின வயல் கண்ணுக்குள் வந்தது. கை அதற்கு மேல் போகவில்லை. துணியைச் சும்மா ஓர் உதறு உதறி, இருந்த பக்கமே திரும்பப் போட்டுக்கொண்டான். பொய்யாகக் கேட்பதைவிடக் கேட்காமல் இருப்பது மேல் என்று மனசுக்குச் சமாதானம் சொன்னான். மனசு அதை வாங்கிக்கொள்ளவில்லை. கடைசி வரிசைகளில் பெண்கள் கையேந்தி அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களில் ஷம்ஸாவும் இருந்தாள் என்பது திரும்பி நடக்கும்போதுதான் அவனுக்கு உறைத்தது.

அன்றிலிருந்து மேகம் வராத நாளில்லை. அதுதான் கொடுமை. மத்தியானம் முகட்டில் பிறந்து, வளர்ந்து, ஊருக்கு நேர் மேலே வந்து, அடி கறுத்து, மழையையும் இறக்கும். சாம்பல் நிறத்தில் திரைச்சீலை மாதிரி அது தொங்குவதை எல்லாரும் பார்ப்பார்கள். ஆனால் அந்தத் திரை தரையைத் தொடாது. பாதி வழியில் காய்ந்த காற்று அதைக் குடித்துவிடும். வாசனை மட்டும் வரும். ஆடுகள்கூடத் தலையைத் தூக்கி முகர்ந்துவிட்டுத் திரும்பப் புல்லைத் தேடும்.

"மேல குளிக்கறாங்க. நமக்குத் துவட்டின துணிகூட வந்து சேரல" என்றார் கல்ஃபான்.

"நம்மள்ல யாரோ மனசாரக் கேக்கல" என்றது கூட்டத்தில் ஒரு குரல். முஹன்னா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தான், சரியாகத்தான் இருந்த வாரை.

ஷம்ஸா தினமும் விடியலில் ஏறி வந்து அவனோடு ரோஜா பறித்தாள். ரய்யாவின் வயலுக்கு இன்னும் நாள் இருந்தது. அது நிழலோரத்து வயல், மற்றதெல்லாம் முடிந்த பிறகுதான் விரியும். பறித்து முடித்ததும் அவன் வீட்டில் பாத்திரம் கழுவின தண்ணீரையும் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்த தண்ணீரையும் வாளியில் எடுத்துக்கொண்டு கடைசிப் படிக்கு இறங்கிப் போவாள். மரத்துக்கு ஒரு குவளை வீதம் ஊற்றுவாள். தன் முறைத் தண்ணீரை முஹன்னா ஒரு தடவை அவளுக்குத் திறந்துவிட்டுப் பார்த்தான். பாதிப் படிகூடத் தாண்டவில்லை. வாளியோடு இறங்குகிற அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவனுக்கு அடி வாங்குவதைவிட வலித்தது.

ஒரு காலையில் கஹ்வாக் காப்பி ஊற்றும்போது கேட்டுவிட்டான். "ஒருத்தன் கேக்காததால மழை நின்னுபோகுமா, அக்கா?"

ஷம்ஸா பேரீச்சங் கொட்டையைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தாள். "வானம் என்ன உன் வீட்டுச் செம்புச் சட்டியா, நீ தண்ணி மாத்தலன்னா சொட்டு நிக்கறதுக்கு? வல்லாஹி, ரொம்பப் பெரிய ஆளுடா நீ."

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கறவனுக்குக் குவளை கண்ணுல படலையா? கஹ்வா பூரா பாயில போகுது பாரு."

அவளுக்குத் தெரியுமோ என்று அவன் அன்று முழுக்க யோசித்தான். தெரிந்தால் சும்மா விடுகிற நாக்கு இல்லையே அது என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ரய்யாவின் வயல் கடைசியில் விரிந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்கு இன்னும் கூம்பியிருந்தது. எல்லாம் ஒன்றாக விரியட்டும், நாளை விடியலில் மொத்தமாகப் பறித்து ஒரே நாளில் வடித்துவிடலாம் என்று முடிவு செய்தான். அடுப்பை மெழுகினான், பானைகளைக் கழுவி வைத்தான், மாதுளைச் சுள்ளி அடுக்கினான்.

அன்று மத்தியானம் முகட்டில் பிறந்த மேகம் நிற்கவில்லை. மற்ற நாள் மேகங்கள் ஓர் உயரத்துக்குப் போய்க் களைத்துப் பரவிவிடும். இது பொங்குகிற பால் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாகப் பிதுங்கி ஏறியது. முஹன்னா வயலுக்குப் போகும் வழியில் நின்றான். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்தும் அதன் தலை தெரியவில்லை, பின்னால் நகர்ந்து பார்க்க வேண்டியிருந்தது. எங்கேயோ ஒரு கூரையில் இடித்துக்கொண்ட மாதிரி அதன் உச்சி பக்கவாட்டில் தட்டையாக விரிந்தது, விரிந்து வெயிலை மூடியது. கீழே பள்ளத்தாக்கிலிருந்தும் வெள்ளையாக எழும்பி வந்தது. மேலே ஒரு மேகம், காலுக்குக் கீழே ஒரு மேகம், நடுவில் அவன். மேலதன் அடி கறுப்பிலிருந்து பச்சை கலந்த ஒரு நிறத்துக்குப் போனது. அதன் வயிற்றுக்குள் மின்னல் விளக்கு ஏற்றி அணைத்தது. வாழ்நாள் முழுக்கத் தான் ஊதி ஊதி எரித்த அடுப்புகள், சொட்டுச் சொட்டாகப் பிடித்த கிண்ணங்கள் எல்லாம் அவனுக்கு நினைவு வந்தன. இதற்கு யார் தீ மூட்டியது, எவ்வளவு பெரிய பானை இது, இதன் முன்னால் தான் ஒரு துணியைத் திருப்பினால் என்ன, திருப்பாவிட்டால் என்ன என்று நினைத்தான். "சுப்ஹானல்லாஹ்" என்று முணுமுணுத்தான். ரோஜாவை அவன் சுத்தமாக மறந்திருந்தான்.

சில்லென்று ஒரு காற்று, நனைந்த கல்லின் வாசனையோடு, மேலிருந்து கீழே விழுந்தது. அதில்தான் நினைவு வந்து ஓடினான். வயலுக்குப் போய்ச் சேரும்போது பெரிய பெரிய துளிகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி, புழுதி தெறிக்க விழுந்தன. அடுத்தது ஆலங்கட்டிக் கல். முதலில் கடலை அளவு. பிறகு பேரீச்சம்பழ அளவு. முஹன்னா மேலங்கியைக் கழற்றி, அதிகமாகப் பூத்திருந்த சுவரோரச் செடிகளின் மேல் வீசினான். காற்று அதைப் பிடுங்கித் தூக்கியது. அவன் தாவிப் பிடிப்பதற்குள் அது புரண்டு, திரும்பவும் செடிகளின் மேலேயே விழுந்தது, மேலே கல் விழுந்து அழுத்திக்கொண்டது. மண்டையில் இரண்டு அடி வாங்கிக்கொண்டு அவன் அடுப்பு வீட்டு வாசலுக்குள் ஒதுங்கினான்.

அங்கிருந்து பார்த்தான். பார்க்காமலும் இருக்க முடியவில்லை. ரய்யாவின் செடிகள் அடிவாங்கிக் குனிந்தன, இதழ்கள் பிய்ந்து பறந்தன. சிவப்பும் வெள்ளையுமாகத் தரை கலங்கியது. முஹன்னா வாய்விட்டு அழுதான். அந்த இரைச்சலில் அவன் அழுதது அவனுக்கே கேட்கவில்லை. பிறகு கல் நின்று மழையாயிற்று, ஊற்றுகிற மழை. பிறகு அதுவும் தணிந்து சன்னமாகிப் பொழிந்தது. முடிவில் மேகத்தின் ஒரு கிழிசல் சரிந்து இறங்கி ஊரைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரே மேகம் இத்தனை உருவத்தில் இறங்கி வந்ததை அவன் அதற்கு முன் பார்த்ததில்லை. படி படியாக எல்லா வயலும் வெள்ளை. பள்ளத்தாக்கின் ஒவ்வொரு பாறையிலிருந்தும் ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. அழுகை நடுவில் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

ஷம்ஸா வெறுங்காலோடு, தொப்பலாக நனைந்து, கையில் கூடையோடு மேலே ஏறி வந்தாள்.

"உன் மரம்?" என்றான்.

"பூ கொட்டிடுச்சு. மரம் பொழைச்சுக்கும். மரம் இருந்தா பூ வராம எங்க போகும்? வா, கெடக்கறதைப் பொறுக்கலாம், ஊறிப்போறதுக்குள்ள."

சுவரோரம் போனவள் நின்றுவிட்டாள். செடிகளின் மேல் மேலங்கி கிடந்தது. அதன் மேல் ஆலங்கட்டி குவிந்து, ஒரு பக்கம் சரிந்து, நடுவில் சிவப்பாக ஓர் ஒட்டு தெரிந்தது. உள்பக்கம் மேலே இருந்தது.

"ஒருவழியா திருப்பிப் போட்டுட்ட" என்றாள் ஷம்ஸா.

முஹன்னா துணி மேல் குவிந்திருந்த கல்லைக் கையால் தள்ளினான். "நான் திருப்பல. காத்து திருப்பிடுச்சு."

"அதான பாத்தேன்."

துணியைத் தூக்கினார்கள். அடியில் ஐந்தாறு செடி, கிளை வளைந்திருந்தாலும் பூ முழுசாக இருந்தது. ஒரு பானைக்குக் காணும். ஷம்ஸா பறித்தாள். முஹன்னா மற்றச் செடிகளின் கீழே கல்லோடு கல்லாகக் கிடந்த இதழ்களைப் பொறுக்கினான். பொறுக்கும்போது பெரிய கல் ஒன்று பாறையில் மோதி இரண்டாகப் பிளந்து கிடப்பதைக் கண்டு எடுத்துப் பார்த்தான். உள்ளே வெங்காயம் மாதிரி வட்டம் வட்டமாக இருந்தது, பால் வெள்ளை, கண்ணாடி, திரும்பப் பால் வெள்ளை. விழ வரும்போதெல்லாம் கீழிருந்து காற்று இதைத் திரும்பத் தூக்கி எறிந்திருக்கிறது, ஒவ்வொரு தடவையும் மேலே போய் இன்னொரு தோல் உறைந்து வந்திருக்கிறது என்று அவனுக்குப் புரிந்தது. அக்காவிடம் காட்டினான்.

"எத்தனை தடவை வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கு பாவம்" என்றாள் அவள்.

அடுப்பு மூட்டினார்கள். மேல் சட்டிக்குத் தண்ணீர் மொள்ள அவன் எழுந்தபோது, ஷம்ஸா வாசலில் குவிந்திருந்த ஆலங்கட்டியை அள்ளி வந்து அப்படியே செம்புக்குள் கொட்டினாள். "குளிர் தானே வேணும் உனக்கு? வானத்துலேருந்தே வந்திருக்கு, இதைவிட நல்ல குளிர் எங்க கிடைக்கும்?"

ஆவி மேலே முட்டிய உடனே செம்பு வியர்த்தது. கிண்ணத்தில் சொட்டு விழும் சத்தம், இடைவெளியே இல்லாமல், மழை மாதிரி கேட்டது. அத்தனை வருஷத்தில் அவன் அப்படி ஒரு வடிப்பைப் பார்த்ததில்லை. பூவை அடித்துப் போட்ட அதே கல் பூவின் வாசனையைச் சொட்டுச் சொட்டாக இறக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இருவரும் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டான் முஹன்னா கடைசியில்.

"தொழுகை அன்னிக்கே. எல்லார் முதுகிலயும் தையல் தெரிஞ்சுது. உன் முதுகில மட்டும் ரய்யாவோட சிவப்பு ஒட்டு தெரியல. தேடித் தேடிப் பாத்தேன்."

"ஏன் கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. தம்பி பொய் சொல்றதைப் பாக்கறதுக்கு மரம் காயறதையே பாத்துட்டுப் போகலாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "உன் மரம் சாகும்னு தெரிஞ்சும் நான் கேக்கல, அக்கா. என்னால கேக்க முடியல."

ஷம்ஸா சுள்ளி ஒன்றை உடைத்து அடுப்புக்குள் தள்ளினாள். "நான் மட்டும் என்ன கேட்டேன்னு நெனைக்கற? மழை குடு, ஆனா ரய்யாவோட பூவைப் பறிச்ச பொறவு குடுன்னுதான் நானும் கேட்டேன். அத்தனை பேர் அழுதுட்டு நிக்கறாங்க, நான் அங்க நின்னு தவணை கேட்டுட்டு இருக்கேன். கடைசில பாரு, உன் பேச்சும் எடுபடல, என் பேச்சும் எடுபடல."

முஹன்னா அவளைப் பார்த்தான். அவள் வாளியோடு படி இறங்கின காலைகள் எல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணில் வந்தன. சட்டியை நகர்த்திக் கிண்ணத்தை எடுத்தான். கை சுட்டது. லேசாகப் புகை நிறம் ஏறின பன்னீர். வழக்கப்படி முதல் வடிப்பை விருந்தாளியின் உள்ளங்கையில் ஊற்ற வேண்டும். அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, நிறைய ஊற்றினான்.

அவள் முகத்தில் பூசிக்கொண்டு கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. "புகை வாசனை அடிக்குது, அடுப்பை ஊதத் தெரியலன்னு திட்டுவா அவ" என்றாள் கைக்குள்ளிருந்தே.

"திட்டுவா" என்றான்.

வெளியே ஃபலஜ் வாய்க்காலின் சத்தம் மாறியிருந்தது. மெலிசாக உராய்ந்து போன தண்ணீர் இப்போது கல்லில் மோதிப் பேசிக்கொண்டு போனது. அவர்கள் வீட்டைத் தாண்டி, படி படியாகக் கீழே இறங்கி, கடைசிப் படிப் பக்கம் அது கேட்டபோது ஷம்ஸா விசுக்கென்று எழுந்தாள். மடையைத் திறக்க வேண்டும். தூறல் இன்னும் விட்டபாடில்லை. அடுப்போரக் கொடியில் காய்ந்துகொண்டிருந்த மேலங்கியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு இறங்கினாள். சிவப்பு ஒட்டு வெளியேதான் இருந்தது. முஹன்னா அவள் மடை திறக்கும்வரை வாசலில் நின்று பார்த்துவிட்டு, சட்டியில் கரைந்துபோன கல்லை மாற்ற உள்ளே போனான்.